முந்திரி: செம்மண் மேட்டின் பயிர்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கறம்பக்குடி, கந்தர்வக்கோட்டை, ஆதனக்கோட்டை வட்டாரச் செம்மண் மேடுகளில் மானாவாரியாக வளரும் மரம் முந்திரி. இதன் தாயகம் பிரேசில். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர்.

மார்கழி, தையில் பூக்கும். பங்குனியிலிருந்து கொட்டை பொறுக்கலாம். பழமாகத் தெரிவது சதைபிடித்த காம்பு. உண்மையான கனி அதன் நுனியில் தொங்கும் கொட்டைதான்.

கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். ஆதனக்கோட்டைப் பெண்கள் கொட்டையைச் சட்டியில் போட்டு விறகுத் தீயில் வறுக்கிறார்கள். கசியும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ள, கரும்புகை கிளம்பும். ஆறியதும் கட்டையால் தட்டி ஓட்டை நீக்குகிறார்கள். பிறகு உள்தோலை உரித்து, முழுப்பருப்பையும் உடைசலையும் தனித்தனியே பிரிக்கிறார்கள். தீயில் வறுபட்ட மணமே இவ்வட்டாரப் பருப்பின் அடையாளம்.

2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல், இம்மாவட்டத்தில் தென்னையோடு முந்திரி மரங்களையும் சாய்த்தது. சாய்ந்த முந்திரிக்குப் பதிலாக ஒட்டுக்கன்று நட்டால் மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கத் தொடங்கும்.

பச்சைக் கொட்டையைக் கடிக்காதீர்கள். குழந்தைகள் கையிலும் கொடுக்காதீர்கள். வறுத்த பருப்பு வேண்டுவோர் புதுக்கோட்டை–தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையில் வாங்கலாம்.