பெரிய பிரேக் போடலாம்... அதைத் தாங்கும் பிராக்கெட்? ஒரு டன் கணக்கு இதுதான்!

சித்திரைத் தேரோட்டத்தின்போது அவிநாசித் தேரைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் இழுக்கும் தேரை நிறுத்துவது சக்கரத்தின் அடியில் வைக்கும் முட்டுக்கட்டைதான். பார்க்க வெறும் மரத்துண்டு. ஆனால், தேரின் மொத்த வேகமும் அதன் மேல்தான் வந்து விழும்.

காரில் அதே வேலையைச் செய்கிற ஒரு சின்னத் துண்டு, காலிப்பர் பிராக்கெட்.

பிராக்கெட் எதற்கு?

பிரேக்கை மிதித்தால், காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன்கள் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்துகின்றன. சுழலும் டிஸ்க், காலிப்பரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். போகவிடாமல் பிடித்து நிறுத்துவது அது மாட்டியிருக்கும் நக்கிள்.

நான்கு பிஸ்டன் காலிப்பர், பெரிய டிஸ்க் என்று மாற்றினால், போல்ட் துளைகள் பழைய இடத்தில் பொருந்தாது. இடையில் ஒரு பிராக்கெட் தேவை. திருப்பூர், கோவை வட்டாரத்தில் நிட்டிங் மெஷினுக்கும் பம்புக்கும் உதிரிபாகம் கடைந்து தரும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வரைபடம் கொடுத்தால் எந்த வடிவத்தையும் வெட்டித் தருவார்கள். அந்த வரைபடம் சரியா என்பதுதான் கேள்வி.

எவ்வளவு விசை?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். காரின் எடை 1,200 கிலோ. நல்ல டயர், காய்ந்த ரோடு, அவசர பிரேக். முன் சக்கரங்கள் 70 சதவீத வேலையைச் செய்தால், ஒரு முன் சக்கரத்துக்கு ரோட்டில் கிடைக்கும் பிடி சுமார் 3,700 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் 30 செ.மீ. ஆனால், பேடு பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 12 செ.மீ.தான். அதனால் காலிப்பரில் விசை இரண்டரை மடங்காகிறது. அதாவது 9,250 நியூட்டன். கிட்டத்தட்ட 940 கிலோ எடை!

ஒவ்வொரு முறை 'சடன் பிரேக்' அடிக்கும்போதும் ஏறக்குறைய ஒரு டன் அந்தத் துண்டை இழுக்கிறது. உடைந்தால், காலிப்பர் சுழன்று ரிம்மில் மோதலாம். பிரேக் ஹோஸ் அறுந்து ஆயில் வெளியேறலாம்.

அலுமினியமா, ஸ்டீலா?

6061-டி6 அலுமினியம் வளையத் தொடங்கும் அழுத்தம் சுமார் 275 மெகாபாஸ்கல். சாதாரண ஸ்டீல் தகடும் 250தான். '7075 போட்டா டபுள் ஸ்ட்ராங்' என்பார்கள். உண்மைதான், சுமார் 500 தாங்கும். ஆனால், அந்த வலிமையைக் கொடுப்பதே 120 டிகிரியில் செய்யும் வெப்பப் பதப்படுத்தல். அதற்கு மேல் நீண்ட நேரம் சூடானால் வலிமை குறையத் தொடங்கும். அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி போய்த் திரும்பும்போது, இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்தபடி வந்தால் காலிப்பர் பக்கம் எவ்வளவு சூடாகும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று, களைப்பு. ஸ்டீலில் அழுத்தம் ஒரு வரம்புக்குள் இருந்தால் லட்சக்கணக்கான முறை மிதித்தாலும் விரிசல் விடாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. எடையை விட உறுதி முக்கியம் என்றால், ஸ்டீல்தான் நிம்மதி.

எங்கே தப்பு நடக்கும்?

* கூர்மையான உள்மூலை: விரிசல் தொடங்குவது இங்கேதான். மூலைகளை வளைவாக மில்லிங் செய்யச் சொல்லுங்கள்.
* நீளமான கை: காலிப்பர் நக்கிளை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவு முறுக்கு. மெல்லிய தகடு என்றால் வளைந்து கொடுக்கும். பேடு கோணலாகத் தேயும்.
* போல்ட்: விசையைத் தாங்குவது போல்ட்டின் தண்டு அல்ல, அது இறுக்கிப் பிடிக்கும் பிடிதான். சரியாக டார்க் வைத்த எம்12, 10.9 தர போல்ட் ஒன்று சுமார் 5 டன் விசையில் இறுக்கும். கை அளவில் முறுக்கினால் அந்தப் பிடி கிடைக்காது. அலுமினியத்தில் மரை வெட்டினால், ஆழம் போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும்.
* வெல்டிங்: துளை தப்பாகிவிட்டதா? அடைத்து வெல்ட் பண்ணாதீர்கள். புதிதாக வெட்டுங்கள்.

பெரிய காலிப்பர் சீக்கிரம் நிறுத்துமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உங்கள் பழைய பிரேக்கே சக்கரத்தை லாக் செய்யவோ, ஏபிஎஸ்ஸை வேலை செய்யவைக்கவோ முடிகிறது என்றால், எல்லையாக இருப்பது டயரின் பிடி. பெரிய காலிப்பர் தருவது சூட்டைத் தாங்கும் திறன். முன்னால் மட்டும் மாற்றினால் முன்-பின் பிரேக் சமநிலை மாறும். பிஸ்டன் பரப்பு கூடினால் பெடல் ஆழமாக இறங்கும்.

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போட்டியில், மாணவர்கள் தாங்களே வடிவமைத்த காரைக் கொண்டுவருவார்கள். பிரேக் சோதனையில் நான்கு சக்கரமும் லாக் ஆகிக் காட்டினால்தான் டிராக்கில் ஓட அனுமதி. முதலில் நிற்கத் தெரியணும், அப்புறம்தான் ஓடணும்.

ரோட்டில் ஓட்டலாமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, இஷ்டத்துக்கு வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு முரணாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம்.

சரி, அப்ப என்ன பண்றது? தினமும் அவிநாசி ரோட்டில் ஆபீஸ் போய் வரும் காருக்கு நல்ல டயர், தரமான பேடு, காலம் தவறாமல் மாற்றிய பிரேக் ஆயில், இவை மூன்றும் போதும். டிராக் காருக்குத்தான் வேண்டும் என்றால், கணக்கைப் போட்ட பிறகு பட்டறைக்குப் போங்கள். மாட்டிய பின் போல்ட் தலையில் பெயின்ட் கோடு போட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கோடு நகர்ந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

முட்டுக்கட்டை போடுகிறவர் தேரின் அழகைப் பார்ப்பதில்லை. அவர் கண் சக்கரத்தின் மேல்தான்.