கணக்கு நேரத்தில் வாசிப்பு

எண்ணையும் எழுத்தையும் ஒருங்கே வைத்துப் போற்றுதல் நம் முன்னோர் மரபு. தமிழ்நாட்டரசும் 2022-ஆம் ஆண்டில், முதல் மூன்று வகுப்புச் சிறார்க்கெனத் தொடங்கிய திட்டத்திற்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்றே பெயரிட்டது. ஆயினும், ஆரம்ப ஆசிரியராகப் பயில்வோர்க்கு மொழி கற்பிக்கும் முறை ஒரு பாடமாகவும், கணிதம் கற்பிக்கும் முறை வேறொரு பாடமாகவுமே போதிக்கப்பட்டு வருகின்றன. இவ்விரண்டையும் இணைத்துப் பயில்வதன் அவசியத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

‘முருகனிடம் 12 மாம்பழங்கள் உள்ளன. அவை வள்ளியிடம் உள்ளவற்றைவிட 5 அதிகம். வள்ளியிடம் உள்ளவை எத்தனை?’ என்னும் கணக்கை ஒரு சிறுவனிடம் கொடுப்போம். ‘அதிகம்’ என்னும் சொல்லைக் கண்ட மாத்திரத்தில் அவன் கூட்டி, 17 என்று எழுதிவிடுதல் கூடும். விடையோ 7. அவன் கூட்டியதில் தவறில்லை. ‘அவை’ என்னும் சுட்டு யாருடைய பழங்களைக் குறிக்கின்றது என்பதை அவன் உணர்ந்திலன். இது வாசிப்பிலே நேர்ந்த பிழை. இதனை அறியாத ஆசிரியர் அவனுக்கு மேலும் 20 கூட்டல் கணக்குகளைக் கொடுப்பாராயின், அது நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்று தருதலையே ஒக்கும்.

இனி, எண்ணுப்பெயர்களை நோக்குவோம். எழுபது, எண்பது என்பவை பத்தின் மடங்குகள் என்பதை அவற்றின் ஈறே காட்டும். ஆனால் 9 ஒன்றாமிடத்து எண்ணாயிருந்தும் ‘பது’ என முடிகின்றது. 90 ‘நூறு’ எனவும், 900 ‘ஆயிரம்’ எனவும் முடிகின்றன. தொண்ணூற்றிரண்டு எனக் கேட்ட குழந்தை அதனுள் நூற்றைக் கேட்டு மயங்குமாயின் வியப்பன்று. சொல்லின் அமைப்பையும் இடமதிப்பையும் ஒருசேர விளக்கவல்ல ஆசிரியரே அம்மயக்கத்தை எளிதில் நீக்குவர்.

ஆஸ்திரேலிய நாட்டு நியூமன் அம்மையார், ஆறாம் வகுப்பு மாணாக்கரின் கணக்குப் பிழைகளை ஆராய்ந்து 1977-ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டார். அம்முறைப்படி, எழுத்துக் கணக்கைச் செய்யும் மாணாக்கர் ஐந்து படிகளைக் கடத்தல் வேண்டும். அவை, வாசித்தல், பொருளுணர்தல், செய்வழி தெரிதல், கணித்தல், விடையெழுதுதல் என்பன. முதலிரண்டும் மொழியைச் சார்ந்தவை. அவற்றிலே இடறுவோன் நான்காம் படியாகிய கணித்தலை அடைவதேயில்லை.

ஆதலின், பயிற்சி மாணவர் ஒவ்வொருவரும் விடை பிழைத்த ஒரு பிள்ளையின் அருகிலமர்ந்து, ‘இதனை வாசி, எதைக் கேட்கிறார்கள்? எப்படிச் செய்வாய்? செய்து காட்டு, விடையை எழுது’ என முறையே வினவி, பிழை எப்படியில் நேர்ந்ததெனக் குறித்துப் பழகுதல் நலம். தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் கூடி அக்குறிப்பை ஆய்ந்து, அதற்கேற்ற பாடக்குறிப்பொன்றை அவரைக்கொண்டு எழுதுவித்தல் அதனினும் நலம். இதற்குப் பொருட்செலவு யாதுமில்லை. நேரமும் சிரத்தையுமே வேண்டும்.

‘கணக்கு வராத பிள்ளை’ என்னும் பெயர் இளமையில் ஒருமுறை ஒட்டிக்கொள்ளின், அதனை நீக்குதல் எளிதன்று. அப்பெயரைச் சூட்டுமுன், அப்பிள்ளைக்கு வாராதது கணக்கோ, வாக்கியமோ என ஆராய்ந்தறியும் ஆற்றலை நாளைய ஆசிரியர்க்கு அளித்தல், அவரைப் பயிற்றும் நம் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.