காஞ்சியிற் பால் விலக்கும் நோன்பு

புலால் மறுத்தலுக்கு வள்ளுவனார் தனியதிகாரமே வகுத்தனர். பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்குவோர்க்கென 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலியோர் 'வீகன்' என்னும் பெயரமைத்துச் சங்கமுங் கண்டனர். சனவரித் திங்கள் முழுதும் இவ்வுணவைக் கைக்கொண்டு பார்க்கும் வழக்கமும் 2014 முதல் அந்நாட்டினின்று பரவி வருகின்றது.

காஞ்சியில் இந்நோன்பை மேற்கொள்வார் இடர்ப்படுவது எங்கே? கறியில் அன்று, அதனை விடுத்தோர் இங்குப் பலர். வரதராசப்பெருமாள் கோயிற்குப் பேர்போன குடலை இட்டலியில் மிளகு, சீரகம், சுக்கு இவற்றோடு நெய்யும் உண்டு. மோரின்றி முடியும் விருந்தோ அரிது! பால் துறத்தலின் அருமைக்குக் காந்தியடிகளே சான்று. 1912-இல் தென்னாப்பிரிக்காவில் அதனைத் துறந்தவர், பின்னர்க் கடும்பிணியுற்றபோது, தாம் விலக்கியது பசுவின் பாலும் எருமைப்பாலுமே எனக் கொண்டு ஆட்டுப்பால் அருந்தினார். பருப்பும் எள்ளும் கேழ்வரகும் பெரும்பாலான சத்துக்களைத் தருமெனினும், 'பி12' என்னும் வைட்டமின் மரக்கறியுணவிற் போதியவளவு கிடையாது. மாத்திரையாகவேனும் அதனை உட்கொள்ளல் வேண்டும்.

இந்நோன்பு உண்கலத்தோடு நின்றுவிடுவதுமன்று. கொல்லாமை கருதியவர் பட்டையும் விலக்குவர். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவரின் நெடிய இழை அறுபடும். ஆதலின் கூட்டினுள்ளேயே அதனை வெப்பத்தாற் கொல்லுகின்றனர். பூச்சி வெளியேறிய கூட்டினின்று நூற்கும் 'அகிம்சைப் பட்டும்' உண்டு. அது பளபளப்பிற் குறைந்தது, விலையில் மிகுந்தது.

எம்முடன் பயிலும் நெசவாளர் மகனொருவர் தயிரையும் நெய்யையும் ஒரு திங்கள் விலக்கினார். பட்டை மாத்திரம் விலக்கிலர். அவருடைய கல்லூரிக் கட்டணம் தறியினின்றே வருகின்றது. அவரைக் குறைகூற யான் துணியேன்.