ஒழுங்கையில் தொடங்கிய வேலை

பாகிஸ்தானின் கராச்சி நகர ஓரத்தில் ஒரங்கி என்றொரு பெரிய குடியிருப்பு உள்ளது. 1971 ஆம் ஆண்டுப் போரின் பின்னர் பங்களாதேஷிலிருந்து இடம்பெயர்ந்த பீகாரி மக்கள் பலர் அங்கே குடியேறினார்கள். காணிக்கு உறுதி இல்லை. கழிவுநீர் ஒழுங்கை நடுவே திறந்தபடி ஓடியது. அதனால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் இரவிரவாக விழித்திருந்தவர்கள் தாய்மார்தான்.

1980 இல் அக்தர் ஹமீத் கான் என்ற முதிய சமூக சேவையாளர் அங்கு வந்து ஒரங்கி முன்னோடித் திட்டத்தை ஆரம்பித்தார். வடிகாலை அரசாங்கம் இலவசமாக அமைத்துத் தரும் என்று மக்கள் காத்திருந்தார்கள். நியாயமான எதிர்பார்ப்புத்தான், ஆனால் வடிகால் வரவில்லை.

அவர் காட்டிய வழி எளிது. 20 முதல் 30 வீடுகள் கொண்ட ஓர் ஒழுங்கை ஒன்றுகூடி, தமக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தெரிவு செய்து, தாமே காசு சேர்த்துக் குழாய் பதிக்க வேண்டும். திட்டம் காசு கொடுக்கவில்லை. நிலத்தை அளந்து கொடுத்தது, கருவி கொடுத்தது, வேலை பழக்கியது. சேர்த்த காசை யாரும் சுருட்டிவிடுவார்களோ என்ற பயம்தான் முதலில் பெரிய தடை. அயலவர்களே கணக்கு வைத்ததால் அது மெல்ல நீங்கியது. ஒப்பந்தக்காரர் இல்லாததால் செலவும் பல மடங்கு குறைந்தது.

வீட்டு மலசலகூடமும் ஒழுங்கை வடிகாலும் மக்கள் பொறுப்பு. பிரதான கால்வாயும் சுத்திகரிப்பும் அரசாங்கத்தின் பொறுப்பு என்று பங்கு பிரிக்கப்பட்டது. இந்த இரண்டாவது பங்கில்தான் இழுபறி. படிக்காத சனம் பதித்த குழாயை ஒரு வேலையாக ஏற்க அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை. பெரிய கடன், பெரிய ஒப்பந்தம் என்றே அவர்கள் பழகியிருந்தார்கள்.

அதற்குப் பதில் சொன்னவர் பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர். அவரும் டாக்காவிலிருந்து போரால் பெயர்ந்த குடும்பத்துப் பெண். அவ்வூர் இளைஞர்களைப் பழக்கி, ஒவ்வொரு ஒழுங்கையாக அளந்து வரைபடமாக்கினார். "உங்கள் இடம் எங்கள் பதிவில் இல்லை" என்ற பதிலோடு கந்தோரிலிருந்து திரும்பிய சகோதரிகளுக்கு அந்தக் கடதாசியின் பெறுமதி விளங்கும். 1999 இல், வெளிநாட்டுக் கடனில் வரவிருந்த கோரங்கி கழிவுநீர்த் திட்டத்தை, இவர்கள் காட்டிய மலிவான மாற்று வழியின் பின்னர் சிந்து மாகாண நிர்வாகம் கைவிட்டது. 2006 இல் பங்கு பிரிக்கும் முறை பாகிஸ்தானின் தேசியத் துப்புரவுக் கொள்கையிலும் இடம்பெற்றது.

பர்வீன் அத்துடன் நிற்கவில்லை. நகர ஓரத்துப் பழைய கிராமங்களையும், குழாய்நீர் களவாக பவுசர்களுக்கு ஏற்றப்படும் இடங்களையும் வரைபடத்தில் குறித்தார். கிராமத்தவர்கள் காணி உரிமை கேட்க அது கைகொடுத்தது. காணி பிடிப்பவர்களுக்கும் நீர் விற்பவர்களுக்கும் அது பொறுக்கவில்லை. மிரட்டல்கள் வந்தன. வேலைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை.

2013 மார்ச் 13 அன்று வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 டிசம்பரில் ஐவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 2022 நவம்பரில் சிந்து மேல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.