தவில் சத்தம் எங்கே போனது?

சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்தில் திருவிழா மேளத்தைப் பதிவு செய்கிறீர்கள். அந்தத் தவில் ட்ராக் இன்னொரு புரொஜெக்டுக்கு வேண்டும். புரொஜெக்ட் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போய்த் திறந்தால் ட்ராக் இருக்கும், சத்தம் வராது. ஏன்? பெரும்பாலான மென்பொருள்களில் அந்தக் கோப்புக்குள் ஒலியே இல்லை. எந்த ஒலிக்கோப்பு, எந்த நொடியில் தொடங்கி எங்கே வெட்டுப்பட வேண்டும் என்ற குறிப்புத்தான் இருக்கிறது.

ஒலிக்கோப்பையும் கொண்டுபோனாலும் ஒரு வில்லங்கம் உண்டு. வீடியோவுக்கென நொடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிந்த நாதஸ்வரத்தை, சீடிக்குரிய 44,100 கணக்கில் ஓடும் புரொஜெக்டில் மாற்றாமல் அப்படியே ஓட்டினால், 10 நிமிட வாசிப்பு 10 நிமிடம் 53 நொடியாக நீளும். சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும். அங்கே ஏற்கெனவே இருக்கும் வாத்தியங்களோடு ஒட்டவே ஒட்டாது. உயிரைக் கொடுத்து வாசித்தவரை நினைத்தால் மனசு பதறும்.

அதனால் ஒவ்வொரு ட்ராக்கையும், வாசிப்பு மூன்றாம் நிமிடத்தில்தான் தொடங்கினாலும், புரொஜெக்டின் பூச்சிய நொடியிலிருந்தே வேவ் கோப்பாக எடுப்பேன். முன்னாலுள்ள மௌனத்தை வெட்டிவிடாதீர்கள். தவில் தன் இடத்தில் சரியாக விழுவது அதனால்தான். கோப்பின் பெயரிலேயே 48,000 என்றும் எழுதிவிடுவேன்.