அணையில் எத்தனை மீன்? எண்ணுவது எப்படி?

நீலகிரியின் குளிர்ந்த நீர்நிலைகளில் டிரவுட் இயற்கையாகத் தோன்றிய மீனல்ல. 1900களின் தொடக்கத்தில் மீன்வளர்ப்பு வல்லுநர் எச்.சி. வில்சனின் முயற்சியால் வெளிநாட்டிலிருந்து வந்து நிலைத்தது. அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிப்பகமும் உருவானது.

ஏன் எண்ண வேண்டும்?

டிரவுட் முட்டையிடச் சரளைக்கல் படிந்த ஓடும் நீர் தேவை. தேங்கிய அணைநீரில் அது பெருகுவது கடினம். எனவே குஞ்சுகளை விட வேண்டியிருக்கிறது. அளவுக்கு மீறி விட்டால் இரை போதாமல் மீன்கள் மெலியும். குறைவாக விட்டால் தூண்டில்காரர்கள் பிடித்தே தீர்த்துவிடுவார்கள். எண்ணிக்கை தெரிந்தால்தான் இரண்டையும் தவிர்க்க முடியும்.

எப்படி எண்ணுகிறார்கள்?

200 மீன்களைப் பிடித்து, துடுப்பில் சிறு அடையாளம் வெட்டி விடுகிறார்கள் என்று கொள்வோம். அவை மற்ற மீன்களோடு கலந்தபின் மீண்டும் 150 பிடிக்கிறார்கள். அவற்றில் 10 மீன்களுக்கு அடையாளம் இருந்தால், பதினைந்துக்கு ஒன்று. ஆகவே மொத்தம் 200இன் பதினைந்து மடங்கு, அதாவது சுமார் 3,000. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டென்மார்க்கின் யோஹானஸ் பீட்டர்சன் தட்டைமீன்களுக்கு அடையாளமிட்டு இம்முறைக்கு அடித்தளமிட்டார்.

கவனம் தேவை. அடையாளமிட்ட மீன்கள் காயத்தால் இறந்தால், இரண்டாம் வலையில் அவை குறைவாகவே சிக்கும். கணக்கு உண்மையைவிடப் பெருக்கிக் காட்டும். கோடையில் ஆழமான அணைகளின் மேல்நீர் சூடாகும், அடிநீரில் ஆக்சிஜன் குறையும். டிரவுட் இடைப்பட்ட அடுக்கில் கூடும். வலையும் அந்த ஆழத்திலேயே இறங்க வேண்டும்.

துடுப்பு வெட்டிய மீன் தூண்டிலில் சிக்கினால், மீன்வளத் துறையிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலும் கணக்குக்கு உதவும்.