கால்மைல் ஓட்டக் கார்களின் சிற்றுருக்கள்

பெரும்பொருள்களைச் சிறிய அளவில் அமைத்துக் காட்டுதல் மிகப் பழையதொரு கலையாகும். எகிப்து நாட்டின் தீப்சு நகருக்கு அண்மையில், மெக்கெத்திரே என்னும் பெருமகனின் கல்லறையிலிருந்து 1920ஆம் ஆண்டில் மரச் சிற்றுருக்கள் பல எடுக்கப்பெற்றன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டு மக்கள் படகு செலுத்திய முறையையும் அப்பஞ் சுட்ட முறையையும் அவை இன்றும் அறிவித்து நிற்கின்றன. மெய்ப்பொருள் அழிந்தொழிந்த பின்னரும் சிற்றுரு சான்று கூறும் என்பது இதனாற் பெறப்படும். ஆயின், அச்சான்று மெய்ச்சான்றாதல் வேண்டுமெனின், அதனை அமைப்போன் வரலாற்றறிஞனுக்குரிய நேர்மையுடையனாதல் வேண்டும். இவ்வுண்மையை, அமெரிக்க நாட்டின் பழைய 'டிராக்' ஓட்டக் கார்களின் சிற்றுருக்களைக்கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓட்டத்தின் இயல்பு

டிராக் ஓட்டமாவது, இரு கார்கள் அசைவின்றி நின்ற நிலையிலிருந்து ஒருங்கே புறப்பட்டு, நேரான பாதையிற் கால் மைல் தூரத்தை, அஃதாவது ஏறத்தாழ 402 மீற்றரை, யாது முன்னர்க் கடக்கின்றதெனக் காணும் போட்டியாகும். இரண்டாம் உலகப்போரின் பின்னர்க் கலிபோர்னியா மாநிலத்தில் இது பெருகியது. 1950இல் சாந்தா ஆனா விமானநிலையத்தின் ஓடுபாதையில் ஓட்டங்கள் தொடங்கின. 1951இல் வாலி பார்க்சு என்பவர் இதற்கெனத் தேசியச் சங்கமொன்றை நிறுவினார். அச்சங்கத்தின் முதலாவது தேசியப் போட்டி 1955இல் கன்சாசு மாநிலத்துக் கிரேற் பென்ட் நகரில் நிகழ்ந்தது.

இவ்வோட்டத்திற்கென்றே அமைந்த கார் டிராக்ஸ்டர் எனப்படும். விரைவுக்கு உதவாதன யாவும் அதனின்றும் நீக்கப்பெற்றன. எஞ்சியவை நீண்ட குழாய்ச் சட்டகமும், முன்னே மெல்லிய இரு சக்கரங்களும், பின்னே வரிப்பள்ளமற்ற அகன்ற ரயர்களும், நடுவே பேராற்றல் வாய்ந்த எஞ்சினுமேயாம். செலுத்துவோன் பின் அச்சுக்கும் பின்னால், கவணில் வைத்த கல்லைப்போல அமர்ந்திருந்தமையால், அவ்வமைப்புக் 'கவண்' என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயரைப் பெற்றது. எரிபொருளாகப் பலர் நைத்திரோமெதேனைப் பயன்படுத்தினர். அது தன்னகத்தே ஒட்சிசனைக் கொண்டிருத்தலின், குறித்த அளவு காற்றுடன் பெற்றோலினும் பன்மடங்கு மிகுதியாக எரிக்கத்தக்கது.

அளவென்னும் அடிப்படை

அமெரிக்கக் கார்ச் சிற்றுருக்கள் பெரும்பாலும் 25இல் ஒரு பங்கு அல்லது 24இல் ஒரு பங்கு அளவில் அமைவன. ஏ.எம்.ரி. நிறுவனத்தின் பிளாஸ்திக் உறுப்புத் தொகுதிகள் முன்னைய அளவையும், மொனோகிராம் நிறுவனத்தினவற்றுட் பல பின்னைய அளவையும் தழுவின. இரண்டிற்குமுள்ள வேறுபாடு நூற்றுக்கு நான்கே. எனினும் 175 அங்குல அச்சிடைத் தூரமுள்ள கார் முன்னைய அளவில் 7 அங்குலமாகவும், பின்னைய அளவில் 7.29 அங்குலமாகவும் அமையும். ஒரு தொகுதியின் எஞ்சினை மற்றொன்றின் சட்டகத்திற் பொருத்துவோன் இதனை மறந்தால், உறுப்புக்கள் தம்முள் இசையா.

நிறத்திற்கும் இவ்விதி பொருந்தும். 1960ஆம் ஆண்டுகளில் மின்னும் உலோகத்துகள் கலந்த பூச்சுக்கள் பெருவழக்காயின. மெய்க்காரில் 0.2 மில்லிமீற்றர் அளவினதான துகளை மாற்றமின்றிச் சிற்றுருவிற் பூசினால், அது 5 மில்லிமீற்றர்த் தகடு போலத் தோன்றும். எனவே பொருளை மட்டுமன்றி அதன் பளபளப்பையும் சுருக்குதல் வேண்டும்.

எந்நாள் வடிவம்?

அளவு பொருந்தியதும் பணி முடிந்ததெனக் கருதுதல் பிழை. ஓட்டக்கார் நாடோறும் மாறும் இயல்பினது. ஓரிரவில் எஞ்சின் மாறும். ஒரு மாதத்தில் நிறம் மாறும். ஓராண்டிற் சட்டகமே வெட்டி நீட்டப்படும். ஆதலின், 'இஃது எந்தக் கார்?' என்னும் வினா போதாது. 'எந்நாளில் இருந்த கார்?' என வினாவுதல் வேண்டும்.

புளோரிடா மாநிலத்தவரான டொன் கார்லிற்சு அமைத்ததும், பின்னாளில் முதலாம் 'சுவாம்ப் றற்' எனப் பெயர்பெற்றதுமான கார் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பழைய செவ்ரலே காரொன்றின் சட்டகத்திற் கிறைசிலர் எஞ்சினைப் பொருத்தி அஃது உருவாக்கப்பட்டது. 1957 நவம்பரிற் புறூக்சுவில் என்னுமிடத்தில் அது 8.79 செக்கனிற் கால் மைலைக் கடந்து, மணிக்கு 176.40 மைல் வேகத்தைப் பெற்றது. மேலைக்கரையிலிருந்த போட்டியாளர் பலர் இவ்வெண்ணை நம்ப மறுத்தனர். அந்நாளில் அக்காரின் எஞ்சின்மீது எட்டுக் காபுரேற்றர்கள் அணிவகுத்து நின்றன. 1959இல் அவை அகற்றப்பட்டு, காற்றை அழுத்திப் புகுத்தும் ஊதியொன்று அமைக்கப்பட்டது. அவ்வூதி ஆறு சிலிண்டர்களையுடைய ஜீ.எம்.சி. டீசல் எஞ்சினுக்கென முதலில் ஆக்கப்பட்டதாகும். அதன் 6-71 என்னும் பெயர், சிலிண்டர்களின் தொகையையும் ஒவ்வொன்றின் 71 கனவங்குலக் கொள்ளளவையும் குறிக்கும்.

இனி, ஒருவன் அக்காரை ஊதியுடன் அமைத்து, அதன் பீடத்தில் '1957' எனப் பொறித்தானாயின், அவன் கைத்திறன் எத்துணைச் சிறந்ததாயினும் அவ்வுரு பொய்யுரைப்பதாகும். அன்று பெறப்பட்ட வேகம் ஊதியின் துணையின்றிப் பெறப்பட்டது என்னும் உண்மையை அது மறைத்துவிடும். ஐயத்துக்குள்ளான வெற்றியொன்றின் சிறப்பே இவ்வாறு அழிந்துபடும்.

சூழலும் இத்தகையதே. புறப்படற் குறி காட்டும் விளக்குக்கம்பம் 1963இலேயே தேசியப் போட்டிக்கு வந்தது. அதற்கு முன்னர்க் கொடி வீசுவோனே குறிகாட்டினான். 1957 முதல் 1963 வரை தேசியச் சங்கம் தன் போட்டிகளில் நைத்திரோமெதேனை விலக்கியிருந்தது; பிற களங்கள் சில அதனை அனுமதித்தன. ஆகவே காலமும் களமும் அறியாது உருவமைத்தல் இயலாது.

சான்றுகளை ஆராய்தல்

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர் பல பிரதிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் துணிவதுபோல, சிற்றுரு அமைப்போனும் பல படங்களை ஒப்புநோக்கித் துணிதல் வேண்டும். படத்திற் சக்கரத்தின் விட்டம் தெரியுமாயின், அதனையே அளவுகோலாகக் கொண்டு, அதே தளத்திலுள்ள பிற உறுப்புக்களின் நீளத்தைக் கணிக்கலாம். சாய்வாக எடுத்த படத்தில் இக்கணிப்பு வழுப்படும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அடர்சிவப்பும் அடர்நீலமும் ஒரே சாம்பல்நிறமாகத் தோன்றக்கூடும். படச்சுருள் இடம்வலம் மாறி அச்சிடப்படுதலும் உண்டு. காரிலுள்ள எழுத்துக்களை நோக்கின் அப்பிழை வெளிப்படும்.

மெய்க்காரே அரும்பொருட்சாலையில் உள்ளதெனில் ஐயம் தீருமன்றோ எனச் சிலர் கூறுவர். பழுதுபார்த்துப் புதுக்கப்பட்ட கார் பெரும்பாலும் ஓடிய நாளினும் அழகாகவே விளங்கும். உராய்ந்த இடம் மெருகேறியிருக்கும். கிடையாத உறுப்புக்குப் பதிலாகப் பிற்காலத்து உறுப்பு இருக்கும். எனவே ஓட்டநாளில் எடுத்த படமும் காரும் முரணுமிடத்துப் படத்தையே தழுவுதல் தக்கது.

செய்முறைச் சிலவும் அவற்றின் பயனும்

சட்டகத்தின் ஒன்றரை அங்குலக் குழாய், 25இல் ஒரு பங்கில் ஒன்றரை மில்லிமீற்றர்க் கம்பியாகும். பித்தளைக் குழாயை வளைத்துப் பற்றாசிட்டு அதனை அமைக்கலாம். எட்டு மில்லிமீற்றர்த் தடிப்புள்ள மின்பொறிக் கம்பி ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகும்; மெல்லிய செப்புக் கம்பி அதற்குப் பொருந்தும். எட்டுக் கம்பிகளையும் உரிய சிலிண்டர்களுக்கே கொண்டுசெல்லுதல் வேண்டும். அவ்வாறு செய்பவன் எஞ்சின் இயங்கும் முறையைத் தானே கற்றுக்கொள்கின்றான்.

இக்கல்வி விளையாட்டுக்குரியதன்று. கவண் அமைப்பைக் கையால் உருவாக்குவோன், எஞ்சினும் பல்லிணைப் பெட்டியும் செலுத்துவோனின் முன்னே, அவன் கால்களுக்கு மிக அண்மையில் இருப்பதைக் காண்பான். 1964இல் நியூ யேர்சியில் அதிகாரபூர்வமாக மணிக்கு 201.34 மைல் வேகத்தைப் பெற்ற அதே கார்லிற்சு, 1970 மார்ச்சில் லயன்சு ஓட்டக்களத்திற் புறப்படுகையிற் பல்லிணைப் பெட்டி வெடித்தமையால், வலக்காலடியின் ஒரு பகுதியை இழந்தார். மருத்துவமனையிற் கிடந்தபோது எஞ்சினைப் பின்னே வைக்கும் அமைப்பைச் சிந்தித்தார். பின் எஞ்சின் கார்கள் முன்னரும் முயலப்பட்டு நிலைபெறாது போயிருந்தன. திசைதிருப்பியின் விகிதத்தை மாற்றியபின் அவருடைய கார் நேராக ஓடிற்று. 1971இற் பொமோனாவில் நடந்த குளிர்காலப் போட்டியில் அது வெற்றி பெற்றது. சில ஆண்டுகளுள் கவண் அமைப்பு வழக்கொழிந்தது.

1970ஆம் ஆண்டுக் காரையும் 1971ஆம் ஆண்டுக் காரையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு இம்மாற்றத்தின் காரணம் உரையின்றியே விளங்கும். முன்னதில் மனிதன் எஞ்சினுக்குப் பின்னால் இருந்தான்; பின்னதில் எஞ்சின் மனிதனுக்குப் பின்னால் வந்தது. ஓர் உறுப்பேனும் இடம்மாறி அமைக்கப்படின் அப்பாடம் மறையும். அக்காலத்துக் கார்களுட் பல வெட்டப்பட்டும், விற்கப்பட்டும், உறுப்புறுப்பாகப் பிரிக்கப்பட்டும் அழிந்தன. ஓட்டுவோர் அடுத்த வெற்றியையன்றிப் பின்வரும் தலைமுறையை நினைந்தாரல்லர். அவர்கள் கைவிட்டதை ஏழங்குல நீளத்தில் மீட்டுத் தருவோர், மெய்யையே மீட்டுத் தரக் கடமைப்பட்டவராவர்.